வளைத்தாலும் நிமிரும் விந்தை உலோகம்!

குழந்தையின் இருதயத்தில் ஓர் ஓட்டை. ஒரு காலத்தில் அதை அடைக்க மார்பைத் திறந்துதான் ஆபரேஷன் செய்யவேண்டும். இப்போது பல குழந்தைகளுக்கு அது தேவைப்படுவதில்லை. தொடையில் சிறு துளை போடுகிறார்கள். ரத்தக்குழாய் வழியாகவே இருதயத்துக்குச் சென்று ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள்!

இதற்கு உதவுவது ஓர் அதிசயக் கம்பி. அதன் பெயர் "நிட்டினால்". டைட்டானியம், நிக்கல் என்ற இரண்டு உலோகங்களை உருக்கிச் சேர்த்த கலவை அது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடைக்கும் இல்மனைட் தாதுவில் இருப்பதும் இதே டைட்டானியம்தான்.

தீப்பட்டதும் நிமிர்ந்தது!

அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று மேரிலாந்து மாநிலத்தில் இருந்தது. அங்கே வேலை பார்த்தவர் வில்லியம் பியூலர். ஏவுகணையின் மூக்குப் பகுதிக்கு ஏற்ற உலோகத்தை அவர் தேடினார்.

1959-ம் ஆண்டு இந்தக் கலவையில் ஒரு புதுமையைக் கண்டார். சூடான துண்டைத் தரையில் போட்டால் மணிபோல "கணீர்" என்றது. ஆறிய துண்டோ "தொப்" என்று விழுந்தது!

1961-ம் ஆண்டு ஒரு கூட்டத்தில், விசிறிபோல மடித்த நிட்டினால் தகட்டை எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் தம் சுருட்டுக்குழாய் லைட்டரைப் பற்றவைத்து அதில் காட்டினார். மடிப்பெல்லாம் பிரிந்து தகடு நீண்டுவிட்டது! எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

ரகசியம் என்ன?

எஃகுக் கம்பியை அதிகமாக வளைத்தால் அதன் அணு வரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறிவிடும். மாறினால் மாறினதுதான். நிட்டினால் அப்படி அல்ல. காற்றில் நெற்பயிர் சாய்வதுபோல அதன் அணு வரிசைகள் சேர்ந்து சாயும். காற்று நின்றதும் பயிர் நிமிர்வதுபோல, கையை எடுத்ததும் அவை நிமிர்ந்துவிடும்.

100 மில்லிமீட்டர் எஃகுக் கம்பியை ஒரு மில்லிமீட்டர் இழுத்தாலே அது பழைய நீளத்துக்கு வருவது கடினம். நிட்டினால் கம்பியைச் சுமார் 8 மில்லிமீட்டர் இழுத்தாலும் திரும்பிவிடும்!

ஆனால் இதற்குத் தக்க சூடு வேண்டும். ஐஸ் தண்ணீரில் துவளும் கம்பி, 37 டிகிரி உடல் சூட்டில் துள்ளி எழும்படி கலவையைத் தயாரிக்கிறார்கள். நிக்கல் அளவு ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினால்கூட அந்தச் சூட்டின் அளவு சுமார் 10 டிகிரி மாறிவிடும். அவ்வளவு நுட்பமான வேலை!

உடலுக்குள்ளே...

இருதய ஓட்டையை அடைக்கும் கருவி, மெல்லிய நிட்டினால் கம்பிகளால் பின்னிய இரட்டைத் தட்டு. அதை இழுத்து ஒரு மெல்லிய குழாய்க்குள் அடக்குவார்கள். இருதயத்தில் வெளியே தள்ளியதும் குடைபோல விரிந்து, சுவரின் இரு பக்கமும் பற்றிக்கொள்ளும். சில மாதங்களில் அதன்மேல் சதை வளர்ந்து மூடிவிடும். குர்ட் ஆம்ப்லாட்ஸ் என்ற டாக்டர் உருவாக்கிய இத்தகைய கருவிக்கு 2001-ம் ஆண்டு அமெரிக்க அரசு அனுமதி தந்தது. எல்லா ஓட்டைக்கும் இது பொருந்தாது. அதை டாக்டர்கள்தான் சொல்லவேண்டும்.

கால் ரத்தக்குழாய் அடைத்தவர்களுக்கு "ஸ்டென்ட்" என்ற வலைக்குழாய் வைப்பதுண்டு. நடந்தால், உட்கார்ந்தால் அந்த இடம் வளையும், அமுங்கும். எஃகு வலை நசுங்கினால் நசுங்கியபடியே கிடக்கும். நிட்டினால் வலை மறுபடி விரியும், ரத்தம் ஓடும்.

கோணல் பல்லை நேராக்கவும் இந்தக் கம்பி உதவுகிறது. எஃகுக் கம்பி முதலில் பலமாக இழுக்கும். பிறகு சீக்கிரம் தளர்ந்துவிடும். இது மெதுவாக, ஒரே சீராக இழுக்கும்.

குறையும் உண்டு

எந்தக் கம்பியும் ஓயாமல் வளைந்தால் ஒருநாள் ஒடியும். இருதயமோ ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது! அதனால் 10 ஆண்டுத் துடிப்புக்குச் சமமாக 40 கோடி தடவை அசைத்துச் சோதிப்பது வழக்கம்.

கவரிங் நகை போட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும். பெரும்பாலும் அதற்குக் காரணம் நிக்கல். நிட்டினாலின் மேற்பரப்பில் டைட்டானியம் ஆக்சைடு ஒரு மெல்லிய படலமாகப் படிந்து நிக்கலைத் தடுத்து வைக்கிறது. ஆனாலும் நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடவேண்டும்.

நிக்கலே இல்லாமல், டைட்டானியத்துடன் நியோபியம் என்ற உலோகத்தைச் சேர்த்தும் கலவைகள் செய்கிறார்கள். நிட்டினால் அளவுக்கு இவை நீளுவதில்லை. ஆனால் விறைப்பு குறைவு. அதுவே எலும்புக்கு நல்லது. எஃகு, எலும்பைவிடச் சுமார் 10 மடங்கு விறைப்பானது. பாரம் முழுவதையும் அதுவே தாங்கினால், வேலை இல்லாத எலும்பு மெலிந்துவிடும்.

உடலுக்குள் வைக்கும் உலோகத்துக்கு உறுதி மட்டும் போதாது. உடலோடு சேர்ந்து வளைந்து கொடுக்கவும் தெரியவேண்டும்!