சம்பளத்துக்குப் பேரு ‘சுதந்திரம்’: நூறு வருஷம் முன்னாடி ஊர்ல யார் யார் இருந்தாங்க?

எபிசோடின் எழுத்து வடிவம், படிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.

இன்னைக்கு எபிசோடுல ஒரு பழைய டைரக்டரியில ஆரம்பிச்சு நம்ம வீராணம் ஏரிக்கரைக்கு வரப்போறோம்.

இருபதாம் நூற்றாண்டோட தொடக்கத்துல இங்கிலாந்துல ‘கெல்லிஸ் டைரக்டரி’னு தடி தடியா புத்தகங்கள் வந்துட்டு இருந்துச்சு. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் தனித் தொகுப்பு. அதுல சின்னச் சின்ன கிராமத்துக்குக்கூட ஒரு பதிவு இருக்கும். சர்ச் எப்போ கட்டினது, மண் எப்படி, என்ன பயிர், பெரிய நிலக்காரர் யாரு, தபால் எத்தனை மணிக்கு வரும்னு முதல்ல சொல்லிடுவாங்க. அதுக்குக் கீழே பேர்ப் பட்டியல். கொல்லர் இவர், வண்டிச் சக்கரம் செய்றவர் இவர், மளிகைக்கடை இவங்களோடது, மதுக்கடை அவரோடது, பக்கத்து டவுனுக்கு வாரத்துல இந்தந்தக் கிழமை சாமான் ஏத்திட்டுப் போற வண்டிக்காரர் இவர். அந்தக் காலத்து கூகுள் மேப்ஸ்னு வச்சுக்கோங்க, ரேட்டிங் மட்டும் கிடையாது.

இப்போ என்னோட கேள்வி. 1910 வாக்குல லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு கிராமத்துக்கு இதே மாதிரி டைரக்டரி போட்டிருந்தா, அதுல யார் யார் பேர் வந்திருக்கும்?

பட்டியலைப் போட்டுப் பார்ப்போம்

அப்போ இந்தப் பகுதி முழுக்கத் தென்னாற்காடு மாவட்டம், சிதம்பரம் தாலுகா. முதல்ல சர்க்கார் சம்பந்தப்பட்ட ஆளுங்க. கிராம முன்சீப், அதாவது மணியக்காரர். கிஸ்தி வசூல் இவர் பொறுப்பு, சின்னச் சின்ன வழக்கையும் விசாரிப்பார். அடுத்து கர்ணம். எந்த சர்வே நம்பர் யாருது, அதுல என்ன பயிர்னு எழுதி வைக்கறவர். இன்னைக்கு நாம சிட்டா, அடங்கல்னு ஆன்லைன்ல எடுக்கறோமே, அந்த டேட்டா முழுக்க அன்னைக்கு இவர் வீட்டுப் பெட்டியில இருந்துச்சு. பேக்கப் கிடையாது. அதனாலயே அவருக்கு அவ்வளவு செல்வாக்கு.

காவலுக்குத் தலையாரி. ஊர் ஊரா தகவல் கொண்டு போறது, சாவு சொல்றது, சுடுகாட்டு வேலை எல்லாம் வெட்டியான். மடையைத் திறந்து, எந்த வயலுக்கு எந்த முறையில தண்ணின்னு பார்த்துப் பாய்ச்சறவர் நீர்க்கட்டி. இந்தப் பேரு ஊருக்கு ஊர் மாறும். ஏரிப் பாசனத்தை நம்பின ஊர்ல இவர் வேலை ரொம்ப முக்கியம்.

அப்புறம் தொழில்காரங்க. கலப்பைக்கும் வண்டிக்கும் தச்சர். கொழு, அரிவாள், மண்வெட்டிக்குக் கொல்லர். தாலியில இருந்து தோடு வரைக்கும் தட்டார். பானைக்கும் சட்டிக்கும் குயவர். துணி வெளுக்க வண்ணார். முடிதிருத்தறவர் வெறும் முடி மட்டும் வெட்டல, கட்டி கீறுறது, காயத்துக்கு மருந்து போடறது, கல்யாணத்துலயும் கருமாதியிலயும் சடங்கு செய்றது எல்லாம் அவர் வேலை. அவர் வீட்டு அம்மாதான் பல ஊர்ல மருத்துவச்சி, பிரசவம் பார்க்கறவங்க. நல்ல நாள் சொல்ல பஞ்சாங்கக்காரர்.

பார்த்தா இங்கிலாந்துப் பட்டியலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாத மாதிரி தெரியுது இல்லையா? அங்கேயும் கொல்லர், இங்கேயும் கொல்லர். வித்தியாசம் காசு கொடுக்கற இடத்துல இருக்கு.

பில் கிடையாது, பங்கு உண்டு

இங்கிலாந்துக் கொல்லர் ஒரு லாடம் அடிச்சா அதுக்கு ஒரு விலை. பிடிக்கலைன்னா அடுத்த ஊர்க் கொல்லர்கிட்ட போகலாம். அவரும் கடையை மூடிட்டு வேற டவுனுக்குப் போகலாம்.

நம்ம ஊர்ல கலப்பை ரிப்பேருக்கு அப்பப்போ காசு கிடையாது. வருஷம் முழுக்க வேலை செய்யணும், அறுவடை முடிஞ்சு களத்துமேட்டுல நெல்லு அளக்கும்போது ஒரு பங்கு வாங்கிக்கணும். சில வேலைகளுக்கு மானியமா கொஞ்சம் நிலமும் உண்டு. இன்னைக்கும் பல ஊர்ல வயலுக்கெல்லாம் மானியம்னு முடியற பேரு இருக்கும், கேட்டுப் பாருங்க. அந்த நெல்லுப் பங்குக்கு மேரைனு ஒரு பேரு. இன்னொரு பேரு சுதந்திரம்.

ஆமா, சுதந்திரம். 1947-க்கு நாம கொடி ஏத்தறோமே, அதே வார்த்தை. பழைய வருவாய்க் கணக்குல, ஊர் வேலைக்காரங்களுக்குப் பரம்பரையா வர்ற உரிமைப் பங்குக்குத்தான் அந்தப் பேரு. அதுல ஒரு நியாயமும் இருந்துச்சு. கேட்டு வாங்கற பிச்சை இல்ல, எனக்கு இதுல உரிமை இருக்குன்னு அந்த வார்த்தை சொல்லுது. மழை பொய்ச்சு விளைச்சல் குறைஞ்சா எல்லார் பங்கும் குறையும், நல்லா விளைஞ்சா எல்லாருக்கும் கூடும்.

ஆனா அந்த உரிமை பிறப்போட கட்டினது. தச்சர் மகன் தச்சர், வண்ணார் மகன் வண்ணார். இந்த வேலை வேணாம்னு சொன்னா பங்கும் போச்சு, மானியமும் போச்சு, ஊர்ல மரியாதையும் போச்சு. எங்க ஐடி பாஷையில சொன்னா வாழ்நாள் சப்ஸ்கிரிப்ஷன், ஆனா கேன்சல் பட்டன் இல்ல. அதுலயும் எல்லார் வீட்டுக்கும் ஒரே சர்வீஸ் கிடையாது. ஊர்த் தெருவுக்குத் துணி வெளுக்கறவங்க சேரிக்குப் போக மாட்டாங்க. அப்படிப் போகக்கூடாதுன்னு கட்டுப்பாடு வச்சதும் ஊர்தான்.

லால்பேட்டை கொஞ்சம் வேற

இங்க ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கணும். எல்லா ஊரும் இப்படி நெல்லை வச்சு மட்டும் ஓடல. லால்பேட்டைங்கற பேருலயே ‘பேட்டை’ இருக்கு. பேட்டைன்னா சந்தை, வியாபாரம் நடக்கற இடம். இங்கே பேர்போன பயிர் வெற்றிலை. அகத்தி நட்டு, அதுல கொடியை ஏத்தி, தினமும் ஆள் பார்த்துப் பார்த்து வளர்க்கற கொடிக்கால். நெல்லை அளந்து பத்தாயத்துல போட்டு வைக்கலாம், வெற்றிலையைப் போட்டு வைக்க முடியாது. கிள்ளி, கவுளியா அடுக்கி, வாடறதுக்குள்ள சந்தைக்குப் போயாகணும். அதனால கிள்ளுறவர், கட்டுறவர், வண்டிக்காரர், தரகர்னு ஒரு சங்கிலியே வேணும். அது காசு புழங்கற சங்கிலி. அறுவடை வரைக்கும் பொறுத்திருன்னு யார்கிட்டயும் சொல்ல முடியாது.

ஆக, ஒரே ஏரித் தண்ணியில ரெண்டு விதமான பொருளாதாரம் பக்கத்துல பக்கத்துல ஓடிட்டு இருந்துச்சு. ஒண்ணு களத்துமேட்டுப் பங்கு, இன்னொண்ணு சந்தைக் காசு. பின்னாடி ரெண்டாவதுதான் ஜெயிச்சுது.

பட்டியல்ல இல்லாதவங்க

இப்போ எபிசோடோட முக்கியமான இடத்துக்கு வர்றோம். கெல்லிஸ் டைரக்டரியில ஒரு இங்கிலீஷ் கிராமத்தைத் திறந்தா ஒரு இருபது முப்பது பேர் இருப்பாங்க. ஊர்ல இருந்ததோ பல நூறு பேர். மிச்சப் பேர் எங்கே? வயல்ல வேலை செஞ்ச கூலிக்காரங்க. டைரக்டரி அவங்க பேரைப் பொதுவா போடறதே இல்ல, ஏன்னா அவங்ககிட்ட வாங்கறதுக்கு எதுவும் இல்ல.

நம்ம பக்கமும் இதே கதை. 1812-ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்டுக்குப் போன ‘ஐந்தாவது அறிக்கை’யில நம்ம கிராமத்து வேலைக்காரங்களை வரிசையா எழுதியிருக்காங்க. தலைவர், கணக்கர், காவல்காரர், தண்ணி பார்க்கறவர், ஜோசியர், கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர்னு போகும், பாட்டுக்காரர் வரைக்கும் இருக்கு. 1853-ல கார்ல் மார்க்ஸ் இந்தியாவைப் பத்தி எழுதினப்போ இந்தப் பகுதியைத்தான் எடுத்துப் போட்டார். அந்தப் பட்டியல்லயும் நாத்து நட்டவங்க இல்ல, அறுத்தவங்க இல்ல. கர்ணம் கணக்கு நிலத்துக்கான கணக்கு. அதுல பட்டா வச்சிருக்கறவர் பேர் வரும், சேத்துல நின்னவர் பேர் வராது.

இந்த இடத்துல வர்றவர்தான் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்துக்காரர். இங்கிலாந்து கிராமத்துப் பொதுநிலங்களை எப்படி வேலி போட்டு எடுத்துக்கிட்டாங்கன்னு 1907-ல புத்தகம் எழுதினவர். 1915-ல சென்னைப் பல்கலைக்கழகத்தோட முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியரா வந்தார். வந்ததும் மாணவர்கள்கிட்ட கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமங்களுக்குப் போய் விசாரிச்சு எழுதச் சொன்னார். 1918-ல அது ‘சில தென்னிந்திய கிராமங்கள்’னு புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு ஊர் நம்ம தென்னாற்காட்டு இருவேல்பட்டு. இப்போ விழுப்புரம் மாவட்டத்துல இருக்கு.

அந்த ஆய்வுல படியாள் வர்றார். கல்யாணத்துக்கு நிலக்காரர்கிட்ட கடன் வாங்குவார், கடன் தீர்ற வரைக்கும் அவர்கிட்டயே வேலை. கூலி நெல்லா வரும், அது சாப்பாட்டுக்கே சரியாப் போகும், அசல் அப்படியே நிக்கும். அடிமையை வச்சிருக்கறது சட்டப்படி குத்தம்னு 1860-களிலேயே ஆயிடுச்சு. கடன் மட்டும் அதே வேலையைச் செஞ்சுது. குடியிருக்கற மனையும் பெரும்பாலும் நிலக்காரரோடது. இங்கிலாந்துக் கூலிக்காரருக்கும் பல இடத்துல பண்ணை வீடுதான், வேலை போனா வீடும் போகும். ஆனா அங்க தீண்டாமை கிடையாது. இங்க கடன், வீடு, சாதி மூணும் சேர்ந்து ஒரே முடிச்சு.

அப்போ இவங்க பேரை யாருமே எழுதலையா? ஒரு இடத்துல எழுதினாங்க. கப்பல்ல.

1860 நவம்பர்ல சென்னையில இருந்து நேட்டாலுக்கு முதல் கப்பல் போய்ச் சேர்ந்துச்சு. 1911 வரைக்கும் கிட்டத்தட்ட 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலியா அங்க போனாங்க. பெரும்பாலானவங்க சென்னை வழியா போனவங்க, தென்னாற்காட்டு ஆளுங்க அதுல நிறைய. ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர். பேரு, அப்பா பேரு, வயசு, சாதி, மாவட்டம், ஊர், உடம்புல இருக்கற அடையாளம் எல்லாத்தையும் எழுதினாங்க. மரியாதைக்காக இல்ல, ஓடிப்போனா பிடிக்கறதுக்காக. ஆனா இன்னைக்கு தென்னாப்பிரிக்காவுல இருக்கற தமிழ்க் குடும்பங்கள் தங்களோட பூர்வீக ஊரைத் தேடறதுக்கு அந்தப் பட்டியல்தான் கையில இருக்கு. ஊர்ல இருந்த வரைக்கும் எழுதப்படாத பேரு, ஊரை விட்டுப் போனப்போதான் பேப்பர்ல ஏறுச்சு.

எப்படி முடிஞ்சுது?

ஒரே நாள்ல முடியல. மில் துணி, அலுமினியப் பாத்திரம், சைக்கிள், பஸ்னு ஒவ்வொண்ணும் களத்துமேட்டுப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுது. ரங்கூன், மலேயா, அப்புறம் வளைகுடான்னு வெளியில இருந்து காசு வந்துச்சு. சட்டமும் பின்னாடியே வந்துச்சு. பரம்பரை உரிமையை வச்சு கிராம அதிகாரி பதவி கொடுக்கறது அரசியலமைப்புக்கு விரோதம்னு 1960-ல உச்ச நீதிமன்றம் ஓர் ஆந்திர வழக்குல தீர்ப்பு சொல்லிச்சு. 1971-ல தமிழ்நாட்டுல குடியிருப்புச் சட்டம் வந்து, விவசாயத் தொழிலாளி குடியிருந்த மனை அவருக்கே சொந்தமாச்சு. 1976-ல கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். 1980 நவம்பர் 14, எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு மணியக்காரர், கர்ணம் பதவிகளை ஒழிச்சுது. அந்த இடத்துக்குத்தான் விஏஓ வந்தார், பரீட்சை எழுதி.

யாராவது ‘அந்தக் காலத்துல கிராமம் தன்னிறைவா இருந்துச்சு, எல்லாருக்கும் ஒரு வேலை இருந்துச்சு’ன்னு சொன்னா, முழுப் பொய்னு நான் சொல்ல மாட்டேன். வேலை இருந்துச்சு, பங்கும் இருந்துச்சு. ஆனா அந்த வேலையை விட்டுட்டுப் போக முடிஞ்சுதான்னு ஒரு கேள்வி கேளுங்க. அந்தப் பட்டியல்ல எல்லார் பேரும் இருந்துச்சான்னும் கேளுங்க.

உங்களுக்கு ஒரு ஹோம்வொர்க். வீட்டுல பெரியவங்க இருந்தா, அவங்க சின்ன வயசுல ஊர்ல பிரசவம் பார்த்தது யாரு, மடை திறந்தது யாரு, நாத்து நட்டது யாருன்னு கேளுங்க. ‘அந்தச் சாதிக்காரங்க’ன்னு பதில் வந்தா விடாதீங்க, பேரு என்னன்னு கேளுங்க. கிடைச்சா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.