ஒரு அடுப்படி, இரண்டு உலை

பாகம் பிரிக்கும்போது வயலையும் தோப்பையும் கயிறு பிடித்து அளந்துவிடலாம். அடுப்படியைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. 2014இல் ஆந்திரப் பிரதேசம் இரண்டானபோது ஹைதராபாத்தான் அந்த அடுப்படி. தலைமைச் செயலகம், சட்டமன்றம், உயர் நீதிமன்றம், வருமானம் எல்லாம் அங்கே. ஊரோ தெலங்கானாவின் பங்குக்குள் கிடந்தது. நம் அரசமைப்பு எப்படி இயங்குகிறது என்று கேட்பவருக்கு இந்தப் பாகப்பிரிவினையைக் காட்டினாலே போதும்.

முதலில் வீட்டு ஏற்பாடு. யார் எதைச் சமைப்பது என்று அரசமைப்பின் ஏழாவது அட்டவணை சொல்கிறது. ராணுவம், ரயில்வே, நாணயம் டெல்லியின் பெரிய அடுப்பில். போலீஸ், நிலம், விவசாயம் மாநிலங்களின் அடுப்பில். பொது அடுப்பு ஒன்றும் உண்டு. 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு கல்வி வேகிற இடம் அதுதான். அங்கே இருவரும் பாத்திரம் ஏற்றி மோதிக்கொண்டால் பெரும்பாலும் பெரிய வீட்டுப் பாத்திரமே நிற்கும்.

அடுப்பையே பிரிக்க வேண்டுமென்றால் 3ஆவது பிரிவு. குடியரசுத் தலைவர் மசோதாவைச் சம்பந்தப்பட்ட சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டியதில்லை. 2014 ஜனவரி 30 அன்று ஹைதராபாத் சட்டமன்றம், முதல்வர் கிரண்குமார் ரெட்டியின் தீர்மானப்படி, பிரிவினை மசோதாவைக் குரல் வாக்கெடுப்பில் நிராகரித்தது. அதையும் மீறி பிப்ரவரி 13 அன்று மசோதா மக்களவைக்கு வந்தது. அன்று ஓர் உறுப்பினர் மிளகு ஸ்ப்ரே அடிக்க, அவையே இருமிக்கொண்டு வெளியே ஓடியது. (உவமைக்கு நான் தேடாமலே சமையலறைச் சரக்கு ஒன்று நாடாளுமன்றத்துக்குள் வந்துவிட்டது.) 18ஆம் தேதி, நேரடி ஒளிபரப்பு நின்றுபோயிருந்த நேரத்தில், மக்களவை அதை நிறைவேற்றியது. மறுநாள் முதல்வர் ராஜினாமா. அதற்கடுத்த நாள் மாநிலங்களவையும் முடித்துக்கொடுத்தது.

ஒரு பங்காளி கையெழுத்துப் போட மறுத்தால் வீட்டில் பாகப் பத்திரம் நடக்காது. இங்கே நடக்கும். அமெரிக்காவில் ஒரு மாநிலத்தை உடைக்க அதன் சட்டமன்றம் சம்மதிக்க வேண்டும். நம்மிடம் நாடாளுமன்றத்தின் சாதாரணப் பெரும்பான்மை போதும், அரசமைப்புத் திருத்தம்கூடத் தேவையில்லை. கூட்டாட்சி என்று பேர் வைத்துக்கொண்டு இது நியாயமா என்று எனக்கும் உறுத்துகிறது. ஆனால் இந்த எளிய வழி இல்லையென்றால் 1956இன் மொழிவாரி வரைபடம் வந்திருக்குமா என்பதும் சந்தேகம்தான். 1953இல் ஆந்திரம் நம் மதராஸ் மாநிலத்திலிருந்து பிரிந்ததும் நாடாளுமன்றச் சட்டத்தால்தான். ‘மதராஸ் மனதே’ (மதராஸ் நமதே) என்று முழங்கியும் சென்னை கிடைக்கவில்லை. கர்னூலில் உலை வைத்தார்கள், 1956இல் ஹைதராபாத்துக்கு வந்தார்கள், பிறகு அமராவதிக்குக் கிளம்பினார்கள்.

கிளம்பும்வரை? மறுசீரமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, பத்தாண்டுக்கு மிகாமல் ஹைதராபாத் இருவருக்கும் பொதுத் தலைநகர் என்றது. 8ஆவது பிரிவு அடுப்படிச் சாவியில் ஒரு பிரதியை ஆளுநரிடம் கொடுத்தது: நகரின் சட்டம் ஒழுங்கில் அவருக்குத் தனிப் பொறுப்பு. தேர்ந்தெடுக்கப்பட்ட தெலங்கானா அரசுக்கு இது கசந்தது. கசக்காமல் என்ன செய்யும்? 1984 ஆகஸ்டில் ஆளுநர் ராம்லால், பெரும்பான்மை போய்விட்டது என்று சொல்லி என்.டி.ராமாராவை முதல்வர் பதவியிலிருந்து நீக்கியது இதே ஊரில்தான். ராமாராவ் தன் எம்.எல்.ஏ.க்களைத் திரட்டி டெல்லிக்கே போய் குடியரசுத் தலைவர் முன் நிறுத்தினார். ஒரே மாதத்தில் அதே நாற்காலிக்குத் திரும்பினார். கரண்டி யார் கையில் என்பதைச் சட்டமன்றத்தில் எண்ணும் தலைகள்தான் தீர்மானிக்க வேண்டும், ஆளுநர் மாளிகை அல்ல.

சுவரை மாற்ற டெல்லியால் முடியும். சாப்பிட உட்கார்ந்தவரின் இலையை அப்படி இழுத்துவிட முடியாது. அடிப்படை உரிமைகள் அந்த இலை. நாட்டின் எந்த மூலையிலும் குடியிருக்கலாம் என்கிறது அரசமைப்பின் 19ஆவது பிரிவு. பிறந்த ஊரை, வசிக்கும் ஊரைக் காட்டி அரசு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. வசிப்பிட நிபந்தனை வைக்க நாடாளுமன்றத்துக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தெலங்கானாக்காரர்களுக்கு வேலையை ஒதுக்கிய விதி ஒன்றை 1969இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது: முழு மாநிலத்துக்கு நிபந்தனை வைக்கலாம், அதில் ஒரு பகுதிக்கு மட்டும் வைக்க முடியாது என்று. அதே ஆண்டு தெலங்கானா தெருவில் இறங்கியிருந்தது. 1972இல் எதிர்த்திசையில் ‘ஜெய் ஆந்திரா’ இயக்கம் வெடித்தது. இரண்டையும் அணைக்க 32ஆவது திருத்தம் 371டி என்ற பிரிவைச் சேர்த்தது. இன்ன உலைச் சோறு இன்ன பகுதிக்காரருக்கு முதலில் என்பது அதன் சாரம்.

அந்தத் திருத்தம் உள்ளே இன்னொன்றையும் நுழைத்திருந்தது. அரசு ஊழியர் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் உத்தரவு பிடிக்காவிட்டால் மாநில அரசே அதை மாற்றலாம், ரத்தும் செய்யலாம். வழக்கில் தோற்ற கட்சியே தீர்ப்பைத் திருத்துகிற ஏற்பாடு! 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இது சட்டத்தின் ஆட்சிக்கே விரோதம் என்று அந்த உட்பிரிவைச் செல்லாததாக்கியது. அரசமைப்பிலேயே எழுதப்பட்ட வரி என்பதால் அது தப்பிக்கவில்லை.

371டியின் மற்ற பகுதிகள் பிரிவினைக்குப் பிறகும் இரு மாநிலங்களிலும் நீடிக்கின்றன. பொதுத் தலைநகர்க் கெடு 2024 ஜூன் 2 அன்று முடிந்தது. கடற்கரை ஆந்திரத்திலிருந்து வந்து ஹைதராபாத்தின் கூகட்பள்ளியில் குடியேறியவர்கள் வீடு வாங்கவோ கடை போடவோ இன்றும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிள்ளை அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும், எந்த வகுப்பை எந்த மாவட்டத்தில் படித்தான் என்ற பள்ளிச் சான்றிதழ்களைத் தேடி எடுக்கிறார்கள்.