கடல் மீன் தொட்டிக்கு எந்தத் தண்ணீர்? எந்தக் கருவி?

சிறுசேரி, தாழம்பூர், படூர், தையூர் வட்டாரத்தில் சாகுபடி நிலம் சுருங்கிவிட்டது. கொஞ்சமே நிலம் வைத்திருப்பவர்கள் கறவை மாடு, கோழி என்று உபதொழில் தேடும்போது, கொட்டகையில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்ப்பதையும் யோசிக்கிறார்கள். நன்னீர் மீன்களைவிடக் கோமாளி மீன் போன்ற கடல் மீன்களுக்கு விலை அதிகம். இம்மீனைக் கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்யும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் செய்து காட்டியிருக்கிறது.

இதில் இறங்குவோர் முதலில் கேட்பது, "எந்தச் சுத்திகரிப்புக் கருவி வாங்கலாம்?" என்பதுதான். கடைக்குப் போகுமுன் கிணற்று நீரின் குணத்தைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவு மிச்சமாகும்.

முதலில் நீர்ப் பரிசோதனை

ஏரிப் பாசனத்தை ஒட்டிய கிணற்று நீரும், முட்டுக்காடு கழிமுகத்துப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரும் ஒன்றல்ல. ஒரே கிணற்றிலும் சித்திரையில் ஒரு விதமாகவும், ஐப்பசி மழைக்குப் பின் வேறு விதமாகவும் இருக்கும். ஆகவே கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். கரைந்த உப்பு, இரும்பு, நைட்ரேட் ஆகிய மூன்றையும் கேளுங்கள். யூரியா இட்ட வயலின் நடுவே உள்ள கிணற்றில் நைட்ரேட் ஏறியிருந்தால் தொட்டியில் பாசி மண்டும்.

உப்பை அளக்கும் பேனா போன்ற சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் அது பூச்சிமருந்தையோ, குளோரினையோ, நோய்க் கிருமியையோ காட்டாது.

தொட்டி நிரப்பக் கடல் நீர்

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. கடைகளில் விற்கும் கடல் உப்புக் கலவையைச் சுத்த நீரில் கரைத்தும் தொட்டியை நிரப்பலாம். 300 லிட்டருக்குச் சுமார் பத்தரை கிலோ உப்பு வேண்டும், செலவு கூடும். நம் வட்டாரத்துக்குக் கோவளம் கடற்கரை அருகில் இருப்பதால் கடல் நீரையே கொண்டுவரலாம். மழை பெய்த நாட்களிலும், முகத்துவாரத்தின் அருகிலும் எடுக்கக் கூடாது.

கொண்டுவந்த நீரை மணல் வடிகட்டியில் விட்டு, 300 லிட்டருக்கு 10 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்து ஓர் இரவு வைக்க வேண்டும். பிறகு இரண்டு நாள் காற்றுக் குழாய் போட்டு, குளோரின் அறவே இல்லை என்று சோதித்த பின்பே மீனை விட வேண்டும். மிச்சம் இருந்தால் ஒரு கிராம் குளோரினுக்கு 7 கிராம் வீதம் ஹைப்போ உப்புச் சேர்த்தால் முறியும்.

ஈடு செய்ய ஆர்.ஓ. நீர்

தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். அதனால் குறைந்த நீரைக் கடல் நீரால் ஈடு செய்யக் கூடாது. கிணற்று நீரும் ஆகாது. லிட்டருக்கு 800 மில்லிகிராம் உப்புள்ள கிணற்று நீரைத் தினம் 4 லிட்டர் ஊற்றினால், மாதத்துக்கு 96 கிராம் வேண்டாத உப்பு சேரும். இதற்குத்தான் ஆர்.ஓ. கருவி தேவை. நெம்மேலியில் 2013 முதல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலையும் இதே சவ்வு முறையில்தான் இயங்குகிறது.

ஆவியாவதற்கு ஈடாகத் தினம் 4 லிட்டர்தான் வேண்டும். மணிக்கு 10 லிட்டர் தரும் வீட்டுக் கருவியே தாராளம். வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. சவ்வுக்கு முன்னால் வண்டல் வடிகட்டியும், கரி வடிகட்டியும் இருக்க வேண்டும். குளோரின் பட்டால் சவ்வு கெடும்.

2. ருசிக்காகக் கிணற்று நீரைக் கலக்கும் திருகு இருந்தால் அதை முழுதும் மூட வேண்டும். தாது உப்புச் சேர்க்கும் குழலைக் கழற்றிவிட வேண்டும்.

3. செம்பு சேர்க்கும் கருவி கூடவே கூடாது. செம்பு இறாலுக்கும் கடல் சாமந்திக்கும் விஷம்.

4. புற ஊதா விளக்கு கிருமியைக் கொல்லுமே தவிர, உப்பை நீக்காது.

நல்ல சவ்வு நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் உப்பை நிறுத்தும். உங்கள் கிணற்று நீரில் 800 இருந்தால் வெளிவரும் நீரில் 40-க்குள் இருக்க வேண்டும். 80-ஐத் தாண்டினால் சவ்வை மாற்றுங்கள். மிச்ச உப்பையும் எடுக்கும் பிசின் குழலைக் கடையில் வற்புறுத்துவார்கள். அது பவளத் தொட்டிக்கு வேண்டியது. மீன் தொட்டிக்கு அவசியமில்லை. பவள உயிர்களும் கடல் குதிரையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். யார் மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நிலத்தைக் காப்பாற்றுங்கள்

ஒரு லிட்டர் நல்ல நீருக்கு மூன்று லிட்டர் கழிவு நீர் போகும் கருவியில், 800 இருந்த உப்பு கழிவு நீரில் சுமார் 1,070 ஆகும். அதைப் பாத்திரம் கழுவ, தரை கழுவப் பயன்படுத்தலாம். நாற்றங்காலுக்கு விட வேண்டாம்.

தொட்டியில் மாற்றும் உப்பு நீரோ இன்னும் ஆபத்து. வாரம் 30 லிட்டர் மாற்றினால், வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் உப்பு வெளியேறும். ஆண்டுக்கு அது ஏறத்தாழ 55 கிலோ. கொல்லையில் கொட்டினால் உங்கள் மண்ணும், பக்கத்துக் கிணறும் உவரேறும். தார்ப்பாய் விரித்த ஆழமில்லாத தொட்டியில் உப்பளம் போல வெயிலில் வற்றவிட்டு, உப்பை வாரி அப்புறப்படுத்துங்கள். மழைக்காலத்தில் மூடி வையுங்கள். இதற்கு இடமில்லாதவர்கள் நன்னீர் வண்ண மீனோடு நிற்பதே நல்லது. அதற்குக் கிணற்று நீரை ஒரு நாள் காற்றோட்டமாகத் தேக்கி, இரும்பு படிய விட்டு வடித்தாலே பெரும்பாலும் போதும்.

முட்டுக்காட்டில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் பரிசோதனை நிலையத்தையும், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி யோசனை கேட்ட பிறகு பணம் போடுங்கள். முதலில் ஒரு தொட்டி. அது ஆறு மாதம் நன்றாக நடந்தால் அடுத்த தொட்டி.