மென்பொருளும் காப்புரிமையும்

நூலை எழுதியவருக்கு அதன்மீது பதிப்புரிமை உண்டு என்பதை மாணவர்கள் அறிவார்கள். காப்புரிமை அதனின் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் படித்தவர்களிடையேயும் பலர். ஆதலின் முதற்கண் இதனைத் தெளிவு செய்துகொள்வோம்.

ஒருத்தி தாளில் ஓர் அழகிய கோலம் வரைகிறாள். அதனை அப்படியே படியெடுத்து விற்பதைத் தடுப்பது பதிப்புரிமை. முதலில் புள்ளி வைத்துப் பின்னர் அவற்றைச் சுற்றிக் கோடிழுக்கும் முறையே எனக்கு உரியது, அம்முறையில் எவர் எக்கோலம் போட்டாலும் எனக்குப் பணம் தரல் வேண்டும் என்று ஒருவர் கூற இயலுமாயின், அது காப்புரிமை. அவருடைய கோலத்தை நான் கண்ணாலும் கண்டதில்லை, நானே எண்ணிக் கண்டேன் என்று சொல்வது அங்கே விடையாகாது. புள்ளிக்கோலம் பழமையானது; அதற்கு எவரும் காப்புரிமை பெற முடியாது. புதிய முறைக்கே அது உரியது. அதற்கும் பொதுவாக இருபது ஆண்டுகளே எல்லை. எது புதிது என்பதில்தான் வழக்குகள் பிறக்கின்றன.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், 2002-இல் திருத்தப்பெற்றபோது, வெறும் கணிப்பொறி நிரலுக்குக் காப்புரிமை இல்லை என்று விதித்தது. அமெரிக்கச் சட்டத்தில் அவ்வாறு வெளிப்படையான விலக்கு இல்லை. நாம் காணப்போகும் பூசல் அந்நாட்டில் எழுந்தது.

பின்லாந்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ், பல நாட்டினர் கூடி வளர்த்த மென்பொருள். அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் தாம் பெற்ற உரிமையைக் குறையாமல் அடுத்தவருக்கும் தருதல் வேண்டும். இதுவே ஜி.பி.எல். என்னும் உரிமத்தின் உயிர்நிலை. காப்புரிமையின் பெயரால் எவரேனும் தடை விதித்து, எல்லோருக்கும் உரிமை தர இயலாத நிலை வந்தால், அம்மென்பொருளை வழங்கவே கூடாது என்றும் அவ்வுரிமம் கூறுகிறது.

2006 நவம்பர் 2-ஆம் நாள், மைக்ரோசாஃப்ட் நிறுவனமும், சூசே என்னும் லினக்ஸ் வகையை விற்றுவந்த நோவெல் நிறுவனமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. விண்டோசும் லினக்சும் ஒரே அலுவலகத்தில் இணங்கி இயங்க வழி காண்பது ஒரு பகுதி. அதனைக் குறை கூறுவார் எவர்? மற்றொரு பகுதியே சிக்கலானது. இரு நிறுவனங்களும் மற்றதன் வாடிக்கையாளர்மேல் காப்புரிமை வழக்குத் தொடுப்பதில்லை என வாக்களித்தன. இதன் பொருட்டு மைக்ரோசாஃப்ட் 10.8 கோடி டாலரும், நோவெல் ஐந்தாண்டுகளில் குறைந்தது 4 கோடி டாலரும் தர இசைந்தன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். உரிமம் நோவெலுக்குத் தரப்பட்டிருந்தால் ஜி.பி.எல். குறுக்கே நின்றிருக்கும். வாக்குறுதியோ வாடிக்கையாளருக்குத் தரப்பட்டது. சொல் மீறப்படவில்லை, கருத்து மீறப்பட்டது என்பதே என் துணிபு. எழுதியவர்கள் எல்லோருக்குமாக எழுதியதை, நோவெலிடம் வாங்கியவர் அச்சமின்றிப் பயன்படுத்தலாம், பிறரிடம் பெற்றவர் அஞ்சியே பயன்படுத்தல் வேண்டும் என்ற நிலை உருவாயிற்று. விண்டோஸ் கணிப்பொறிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா மென்பொருளை ஆக்கியோர், உடன்படிக்கையைக் கைவிடுமாறு நோவெலைக் கேட்டுக்கொண்டனர். அவர்களுள் ஒருவரான ஜெரமி அல்லிசன் அந்நிறுவனத்திலேயே பணி புரிந்தவர். அவ்வாண்டு டிசம்பரில் அப்பணியைத் துறந்தார்.

2007 மே மாதத்தில் லினக்சும் அதன் இனமான மென்பொருள்களும் தன்னுடைய 235 காப்புரிமைகளை மீறுவதாக மைக்ரோசாஃப்ட் கூறியது. அவை எவை என்று பட்டியலிடவில்லை. பட்டியலிட்டிருந்தால், நிரலாளர்கள் அப்பகுதிகளை மாற்றி எழுதியிருப்பார்கள். அல்லது அக்காப்புரிமைகள் செல்லா என்று வாதிட்டிருப்பார்கள். பெயர் சொல்லாத கடனை எவ்வாறு அடைப்பது?

அவ்வாண்டு ஜூன் 29-இல் ஜி.பி.எல். உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. சிலருக்கு மட்டும் காப்பளிக்கும் இத்தகைய உடன்படிக்கைகளை அது தடுத்தது. எனினும் மார்ச் 28-க்கு முன் செய்தவற்றை அத்தடையினின்றும் விலக்கிற்று. லினக்சின் கருநிரலோ இன்றும் இரண்டாம் பதிப்பிலேயே நிற்கிறது.

அச்சம் வெறுங்கற்பனை அன்று என்பது 2009 பிப்ரவரியில் புலனாயிற்று. கார்களுக்கு வழிகாட்டும் கருவி செய்யும் டாம்டாம் என்னும் டச்சு நிறுவனத்தின்மேல் மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. வழக்கிற்கு அடிப்படையானவற்றுள், கோப்பு ஒன்றுக்கு நீண்ட பெயரையும் பழைய முறையிலான குறும்பெயரையும் ஒருங்கே வைக்கும் உத்தியும் இருந்தது. அடுத்த மாதமே டாம்டாம் பணம் தர இசைந்து, அவ்வசதியை நீக்கவும் உடன்பட்டது. வழக்கு தீர்ப்பு வரை செல்லாமையால், அக்காப்புரிமைகள் அங்கே சோதிக்கப்படவில்லை.

அதே பிப்ரவரியில்தான், நோவெல் வழியை ஏற்க மறுத்த ரெட்ஹாட் நிறுவனம் மைக்ரோசாஃப்டோடு வேறோர் உடன்பாடு செய்தது. ஒருவர் இயங்குதளத்தில் மற்றவருடையது ஓடுமாறு இருவரும் சோதித்துத் துணை நிற்பது என்பதே அது. காப்புரிமை பற்றி அதில் ஒரு விதியும் இல்லை. பெருநிறுவனத்தோடு ஒத்துழைக்க அதன் உரிமைக்கூற்றையும் ஏற்றாக வேண்டும் என்று வாதிட்டவர்களுக்கு இதுவே விடையாயிற்று.

பின்னர்க் காலம் மாறியது. லினக்சைப் பொறுத்தவரை தத்தம் காப்புரிமைகளை ஒருவர்க்கொருவர் கட்டணமின்றி வழங்கும் ஓப்பன் இன்வென்ஷன் நெட்வொர்க் என்னும் கூட்டமைப்பு 2005-இல் தோன்றியது. அதனை நிறுவியோருள் நோவெலும் ஒன்று என்பது வியப்பே. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறுபதினாயிரத்துக்கு மேற்பட்ட காப்புரிமைகளோடு அதில் சேர்ந்தது. மேகக் கணிமையில் லினக்சை வாடகைக்கு விட்டே அது பெரும்பொருள் ஈட்டத் தொடங்கிவிட்டது. தன் கடையில் உள்ள சரக்கின்மேல் தானே வழக்குத் தொடுப்பார் உண்டோ? ஆயினும் அக்கூட்டமைப்பின் காப்பு, லினக்ஸ் தொகுதி என அது வரையறுத்துள்ள மென்பொருள்களுக்கே செல்லும். அவ்வரையறைக்குப் புறத்தே நிற்கும் நிரல்களை எழுதுவோருக்கு, 2006-இல் எழுந்த வினா இன்றும் விடைபெறாமலே உள்ளது.