நல்லா நீந்தும் மூட்டுமீன்: வீட்டிலேயே செய்வது எப்படி?

"தூண்டில்காரனுக்குத் தக்கை மேலே கண்" என்று நம்ம பெரியவர்கள் சொல்வார்கள். தக்கை அமிழ்ந்தால் மீன் கடித்துவிட்டது என்று அர்த்தம். திலாப்பியாவுக்கு இந்த முறை போதும். அது பாசியையும் சின்னச் சின்ன இரையையும் மேய்கிற மீன். மண்புழுவுக்கும் மா உருண்டைக்கும் வந்துவிடும். ஆனால் விரால், ட்ரவுட் போன்றவை துரத்திக் கடிக்கிற சாதி. அடிபட்ட ஒரு குஞ்சுமீன் தள்ளாடித் தள்ளாடிப் போவதைக் கண்டால் அவை சும்மா இருக்காது. அப்படித் தள்ளாடி நீந்துகிற பொய்மீனைக் கடையில் வாங்கப் போனால் ஒரு நாள் பேரை அப்படியே விழுங்கிவிடும். வீட்டில் கிடக்கும் சாமான்களைக் கொண்டு அதை நாமே செய்யலாம்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டு நாடு முழுவதும் எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பில், 5 வயதுக்குக் குறைந்த தோட்டப்புறப் பிள்ளைகளில் 100க்கு 31 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தார்கள். முழு நாட்டுக்கும் பார்த்தால் அது 17 பேர்தான். ரொட்டியும் சம்பலும் மட்டும் தின்று பிள்ளைகள் வளர முடியாது. ஞாயிற்றுக்கிழமை சட்டியில் ஒரு மீன் விழுந்தால் அது வீட்டுக்கு லாபமே.

செருப்புத் தைக்கும் கத்தியில் பிறந்த மீன்

பின்லாந்து நாட்டில் லௌரி ரபாலா என்று ஓர் ஏழை மீனவர் இருந்தார். பெரிய மீன்கள் ஒரு கூட்டத்தில் எந்தக் குஞ்சுமீனைப் பிடிக்கின்றன என்று அவர் கூர்ந்து கவனித்தார். நேராக நீந்துகிறதை விட்டுவிட்டு, கொஞ்சம் கோணலாக ஆடி ஆடிப் போகிற ஒன்றையே அவை குறிவைத்தன. 1936இல் அவர் தக்கையைச் செருப்புத் தைக்கும் கத்தியால் செதுக்கி, அந்த ஆட்டம் வருகிற பொய்மீன் ஒன்றைச் செய்தார். மேலே சுற்றியது சொக்லட் சுற்றி வந்த ஈயத்தாள். தண்ணீர் இறங்காமல் பூசியது, பழைய படச்சுருளை உருக்கி எடுத்த பசை. இன்றைக்கு அவர் பெயரிலேயே பொய்மீன்கள் உலகமெல்லாம் விலைப்படுகின்றன. அவருக்குக் கைகொடுத்தது விலை உயர்ந்த சாமான் இல்லை, மீன் நீந்துகிற விதத்தைப் பார்த்த கண்தான்.

மூட்டு எதற்கு?

பொய்மீனை இழுக்கும்போது தாடையில் வைத்த தகட்டில் தண்ணீர் மோதும். தலை கீழே அமிழும். மோதிய தண்ணீர் தகட்டின் இரண்டு ஓரத்திலும் மாறி மாறி வழுவுவதால் தலை இடமும் வலமும் ஆடும். உடம்பு ஒரே துண்டாக இருந்தால் இந்த ஆட்டம் வருவதற்குக் கொஞ்சம் வேகமாக இழுக்க வேண்டும். உடம்பை இரண்டாக வெட்டி மூட்டு வைத்தால், தலை சிறிது அசைந்தாலும் வால் பெரிதாக வீசும். மெதுவாக இழுத்தாலும் நீந்தும். நம்ம மலைநாட்டுக் குளிர் தண்ணீரில் மீன்கள் சோம்பலாக இருக்கும் நேரத்தில் இது பெரிய உதவி.

நல்லா நீந்துவதற்கு மூன்று விஷயம் சரியாக இருக்க வேண்டும்: வயிற்றில் பாரம், தடையில்லாத மூட்டு, தாடைத் தகட்டின் சாய்வு. வர்ணம் நாலாவதுதான்.

தேவையான சாமான்கள்

அல்பீசியா போன்ற, நன்றாகக் காய்ந்த, இலேசான மரத்துண்டு. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள துருப்பிடிக்காத கம்பி அல்லது பித்தளைக் கம்பி. கரண்டுச் செம்புக்கம்பி வேண்டாம். பெரிய மீன் இழுத்தால் நிமிர்ந்துவிடும். கட்டுக்கம்பி துருப்பிடிக்கும். தகட்டுக்கு ஒரு பழைய சீடி. கடையில் விற்கிற சின்ன ஈயக்குண்டு. மூன்று முள் சேர்ந்த தூண்டில் இரண்டு. அரல்டைட், வார்னிஷ், உப்புத்தாள், ஈயத்தாள்.

செய்யும் முறை

1. மரத்தை 10 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடிய உயரம், 1½ சென்டிமீட்டர் தடிப்பில் சதுரக் கட்டையாக வெட்டுங்கள். கட்டை சதுரமாக இருக்கும்போதே நடுக்கோடு போட்டு, அடிவயிற்றில் தலையிலிருந்து வால்வரை பாதி உயரத்துக்கு வாளால் ஒரு கீறல் இறக்குங்கள். தாடையில் தகடு நிற்கும் கீறலையும் இப்போதே சாய்வாக வெட்டிவிட வேண்டும். உருட்டிய பிறகு வெட்டப் போனால் கோணிப் போகும்.

2. பிறகு மீன் வடிவில் செதுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும்.

3. தலைப்பக்கம் 6 சென்டிமீட்டர், வால்பக்கம் 4 சென்டிமீட்டர் வரும்படி இரண்டாக அறுங்கள். அறுத்த முகங்கள் இரண்டையும் ஆப்பு மாதிரி சீவுங்கள். மேலிருந்து பார்த்தால் இரண்டு கூர்முனைகள் எதிரெதிரே நிற்க வேண்டும். அப்போதுதான் வால் இரண்டு பக்கமும் தாராளமாக மடங்கும்.

4. முன்துண்டுக்கு ஒரே கம்பியில் மூன்று வளையம்: மூக்கில் ஒன்று, வயிற்றில் ஒன்று, பின்னால் ஒன்று. பின்துண்டுக் கம்பியில் முன்னால் ஒன்று, வாலில் ஒன்று. மூட்டில் சேரும் வளையங்களில் ஒன்று நின்ற வாக்கிலும் மற்றது படுத்த வாக்கிலும் இருக்க வேண்டும். சங்கிலி மாதிரி ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, கீறலுக்குள் வைத்து, அரல்டைட்டால் அடையுங்கள். துண்டுகளுக்கு நடுவே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள். மூட்டுக்குள் பசை ஒரு சொட்டும் இறங்கக் கூடாது.

5. சீடியை 1½ சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி, ஓரத்தை உருட்டித் தேய்த்து, தாடைக் கீறலில் பொருத்திப் பாருங்கள். தகடு செங்குத்தாக நின்றால் மேல்தண்ணீரில் அகலமாக ஆடும். முன்பக்கம் படுத்தால் ஆழமாக இறங்கும். முதல் தடவை இரண்டுக்கும் நடுவில் வையுங்கள்.

6. முதலில் ஒரு பூச்சு வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். பிறகு தூண்டிலையும் மாட்டி ஒரு பேசினில் மிதக்கவிடுங்கள். பக்கவாட்டில் சாய்ந்தால் பாரம் போதாது. ஈயக்குண்டை ரப்பர் வளையத்தால் முன்துண்டின் வயிற்றில் கட்டி, முதுகு மட்டும் மேலே தெரிய நிமிர்ந்து நிற்கும்வரை கூட்டிக் குறைத்துப் பாருங்கள். சரிவந்த இடத்தில் துளை போட்டுக் குண்டை வைத்து அடையுங்கள். பின்துண்டில் பாரம் வைக்காதீர்கள். வால் வீசாது.

7. தகட்டை ஒட்டி, ஈயத்தாள் சுற்றி, மேலே இரண்டு பூச்சு வார்னிஷ். நம்ம பக்கத்து மூடுபனியில் ஒவ்வொரு பூச்சும் காய இரண்டு நாளாவது பிடிக்கும். அவசரப்பட்டால் மரம் தண்ணீர் குடித்து, கணக்கெல்லாம் பிழைத்துவிடும்.

நீந்தவிட்டுத் திருத்துவது

ஓட்டமில்லாத தெளிந்த தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். குடிதண்ணீர்த் தொட்டி வேண்டாம். உங்களை நோக்கி வரும்போது மீன் உங்கள் இடப்பக்கம் ஓடினால், மூக்கு வளையத்தை உங்கள் வலப்பக்கம் ஒரு மயிரிழை வளையுங்கள். வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம். குப்புறச் சுழன்றால் தகடு பெரிது, அல்லது வயிற்றுப் பாரம் குறைவு. தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயுங்கள். ஆடாமல் கட்டை மாதிரி வந்தால் மூட்டைப் பாருங்கள். முகங்கள் இடிக்கிறதா, பசை ஒட்டியிருக்கிறதா என்று. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் செய்தால்தான் எது குற்றம் என்று தெரியும்.

மீன் பிடிக்கும்போது ஒரே சீராக இழுக்காதீர்கள். நாலு முழம் இழுத்து, ஒரு நொடி நிறுத்தி, மறுபடி மெல்ல இழுங்கள். நின்று புறப்படுகிற அந்த நேரத்தில்தான் பெரும்பாலும் கடிக்கும்.

கவனம், தோழர்களே!

ஈயத்தை லயத்து அடுப்பில் உருக்கவே கூடாது. அந்தப் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். குண்டைப் பல்லால் கடிக்கவும் வேண்டாம். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். செய்த பொய்மீனை மூடியுள்ள டின்னில் போட்டு, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். முள் சதையில் ஆழமாக ஏறிவிட்டால் பிய்த்து இழுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்பூசி தேவையா என்றும் கேளுங்கள்.

பூண்டுலோயா பக்கத்து ஆற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது, 1985இல் திறக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்தில். தலவாக்கலையில் மேல் கொத்மலை அணை 2012 முதல் வேலை செய்கிறது. மழைக்காலத்தில் அதன் வான்கதவு திறந்தால், கீழே கொத்மலை ஓயாவில் தண்ணீர் திடீரென்று ஏறிவிடும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கலாம், மேலே தலவாக்கலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். தண்ணீர் கலங்கினால், குப்பை மிதந்து வந்தால், எச்சரிக்கைச் சத்தம் கேட்டால், தூண்டிலைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். நடு ஆற்றுப் பாறையில் உட்கார்ந்து மீன் பிடிக்கவே வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம்.

நீர்த்தேக்கத்தில் இறங்குமுன் அனுமதி வேண்டுமா என்று அங்குள்ள அதிகாரிகளிடம் விசாரியுங்கள். மருந்து கலந்தும் வெடி போட்டும் மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் தடை செய்கிறது. மருந்து அடித்த மீன் நம்ம பிள்ளைகள் வயிற்றுக்கே வந்து சேரும். குஞ்சுகளும் சேர்ந்து செத்தால் அடுத்த வருஷம் ஆற்றில் ஒன்றும் இருக்காது. பொய்மீனில் மாட்டுகிற குஞ்சைத் திருப்பி ஆற்றில் விட்டுவிடலாம். அது வளர்ந்து இன்னொரு ஞாயிற்றுக்கிழமை நம்ம சட்டிக்கு வரட்டும்.