பொன்மேனியும் பொன்னம்பலமும்

சீன நாட்டுப் பழைய வெண்கலப் படிமங்களுட் பல பொன்முலாம் பூசப்பெற்றவை. அப்பொலிவினைச் செல்வச் செழிப்பின் அடையாளம் என்று கொண்டு அமைவார் பலர். அஃது அவற்றின் முழுப்பொருள் ஆகாது. செப்புத் திருமேனிகளை வழிபட்டுவரும் தமிழ்நாட்டு மரபோடு, சிறப்பாகக் கடலூர் மாவட்டத்துச் சிதம்பரத்தோடு, ஒப்பிட்டு நோக்கின் அப்பொருள் விளங்கும். பொன் எவ்விடத்து இடப்பெற்றது என்பதே ஈண்டு நாம் ஆராயும் வினா.

புத்தர்பெருமானுக்குரிய முப்பத்திரண்டு இலக்கணங்களுள் பொன்னிற மேனியும் ஒன்று. ஹான் மரபினனாகிய மிங் பேரரசன் (கி. பி. 58-75) பொன்மேனியர் ஒருவரைக் கனவிற் கண்டமையே சீனத்திற் பௌத்தம் புகுதற்குக் காரணமாயிற்று என்பது அந்நாட்டு மரபுரை. ஆதலின் ஆண்டு முலாம் என்பது அணியன்று, இலக்கணம். பாதரசத்திற் பொன்னைக் கலந்து பூசி, வெப்பத்தாற் பாதரசத்தைப் போக்கி, எஞ்சிய பொன்னை மெருகிடுதல் அதன் செய்முறை. இத்தொழிலைச் சீனர் பௌத்தம் வருவதற்கு முன்னரே அறிந்திருந்தனர்.

ஆண்டு பொறிக்கப்பெற்ற சீனப் புத்த வடிவங்களுள் மிகப் பழையது கி. பி. 338-ஐச் சார்ந்தது, அது சான் பிரான்சிசுகோ ஆசியக் கலைக்கூடத்தில் உள்ளது. நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்து மைத்திரேயர் படிமத் தொகுதி கி. பி. 524-இல் அமைந்தது, ஏறத்தாழ 77 செ. மீ. உயரம் உடையது. இறந்த தன் மகன் பொருட்டுத் தந்தை ஒருவன் அதனைச் செய்வித்தான் என்பது அதன் எழுத்துப் பொறிப்பால் அறியப்படும். வருங்காலப் புத்தராகிய மைத்திரேயரை அவன் தேர்ந்தமை கருதத்தக்கது. இங்குப் பொன் ஒரு தந்தையின் வேண்டுதலைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய வடிவங்கள் பல பிழைத்தில. கி. பி. 845-இல் தாங் அரசு பௌத்தத்தை ஒடுக்கியபொழுது வெண்கலப் படிமங்களை உருக்கி நாணயமாக்க ஆணை பிறந்தது. கி. பி. 955-இல் பிற்காலச் சௌ மரபின் ஷிசோங் பேரரசனும் அவ்வாறே செய்வித்தான்.

இனித் தமிழ்நாட்டை நோக்குவோம். சோழர்காலச் செப்புத் திருமேனிகள் மெழுகினால் உருச்செய்து, பெரும்பாலும் கனமாக வார்க்கப்பெற்றவை. பொதுவாக அவற்றிற்கு முலாம் இல்லை. நீராட்டும் ஆடையும் அணியும் மாலையும் ஏற்று உலாப்போதலே அவற்றிற்குரியது. தில்லையிற் பொன் மேனியில் அன்று, மேனிக்கு மேலே அமைந்தது. முதலாம் பராந்தகன் (907-955) அம்பலத்தைப் பொன்வேய்ந்த செய்தியைச் சோழர் செப்பேடுகள் கூறும். பிற கோயில்கள்போல் உலாவிற்கு வேறு திருவுருக் கொள்ளாது, கூத்தப்பெருமானே ஆனியிலும் மார்கழியிலும் பொற்கூரை நீங்கித் தேரேறி வருதல் இத்தலத்தின் தனிமரபு. சீனத்திற் பொன் புத்தரின் உடல். தில்லையிற் பொன் இறைவன் ஆடும் வெளி.

இவ்விரு மரபுகளும் தம்முள் அறியாதன அல்ல. சோழர் தூது கி. பி. 1015-இலும் 1077-இலும் சீனத்தை அடைந்தது. பிற்கூறிய தூதில் 72 பேர் இருந்தனர். நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்தான். அவ்வூரில் 1856 முதலாக ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. அவற்றின் பீடங்கள் சிலவற்றில் செய்வித்தோர் பெயர் தமிழிற் பொறிக்கப்பட்டுள்ளது. பொன்னிடும் இடத்தில் வேறுபட்ட இரு நாட்டாரும், படிமத்தோடு தம் பெயரைப் பிணித்து வைத்ததில் ஒன்றுபட்டனர்.

வணிகப் பொருளாகும்பொழுது முதலில் அறுவது இப்பிணிப்பேயாம். ஊரும் பெயரும் நீங்கிய படிமம் வெறும் பழம்பொருளாகிறது. கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தினின்று களவுபோன அர்த்தநாரீசுவரர் கற்சிலை 2014-இல் ஆத்திரேலியாவினின்று மீண்டது. அதன் ஊரை நிறுவுதற்குப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துப் பழைய ஒளிப்படங்கள் துணைசெய்தன. ஆகவே படிமத்தின் அழகை ஆராய்வார், அதன் பீடத்தெழுத்தையும் அது நின்ற இடத்தையும் அதனினும் முற்பட ஆராய்தல் வேண்டும்.