கடுக்காய்க்கும் கொட்டைக்கும் என்ன உறவு?

கம்ப்யூட்டருக்கு உறவுமுறை கற்பிக்கிறார்கள்!

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலைமீது இருக்கிறது கரியாலூர். இந்த மலையில் கடுக்காய் மரங்கள் உண்டு.

கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலா சூரணம். கடுக்காயை இடிக்கும் முன் கொட்டையை நீக்கிவிட வேண்டும். தோல்தான் மருந்து. இது பாட்டிக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?

தெரியாது! யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உறவு அகராதி

சாதாரண அகராதி, சொல்லுக்கு அர்த்தம் சொல்லும். ஒரு சொல்லுக்கும் மற்றொரு சொல்லுக்கும் என்ன உறவு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும் பட்டியலும் உண்டு. அதன் பெயர் 'ஆன்டாலஜி'.

பழ ஈ, சுண்டெலி, ஈஸ்ட் ஆகியவற்றை ஆராய்ந்த விஞ்ஞானிகள், 1998-ல் ஒன்றுகூடி ஜீன்களுக்காக இப்படி ஒரு பட்டியலைத் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

வகையும் உறுப்பும்

முக்கியமான உறவுகள் இரண்டு. மூங்கில், புல்லில் ஒரு வகை. கணு, மூங்கிலின் உறுப்பு.

இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதல்ல. வெளியே வயிரம் உள்ளது புல், உள்ளே வயிரம் உள்ளது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பிறகு இரண்டின் உறுப்புகளையும் தனித்தனியே அடுக்குகிறது. புல்லுக்கு ஓலை, மரத்துக்கு இலை!

எங்கே வருகிறது ஆபத்து?

நார்வே நாட்டில் 1967-ல் 'சிமுலா 67' என்ற கம்ப்யூட்டர் மொழி உருவானது. அதில் தாய் வகுப்பின் குணம் பிள்ளை வகுப்புக்குத் தானே வந்து சேரும். இன்றும் பல மொழிகளில் இதே முறைதான்.

கொட்டையைக் கடுக்காயின் 'வகை' என்று தவறாக எழுதினால், கடுக்காயின் மருந்துக் குணம் கொட்டைக்கும் வந்துவிடும்.

சரி, 'உறுப்பு' என்று எழுதினால்? கொட்டை கடுக்காயின் உறுப்பு. கடுக்காய் சூரணத்தின் உறுப்பு. ஆகவே கொட்டையும் சூரணத்தில் உண்டு என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டும். மருந்து கெட்டது!

உறவுக்கும் ஓர் ஏடு

இதற்கு வழி என்ன? கல்யாணத் தேதியை மாப்பிள்ளை மேலும் எழுதுவதில்லை, பெண் மேலும் எழுதுவதில்லை. திருமணப் பதிவேட்டில் எழுதுகிறோம். அதுபோல, உறவையே ஒரு தனிப் பொருளாக்கி, அதற்கும் ஓர் ஏடு கொடுக்கிறார்கள்.

அந்த ஏட்டில் யாருக்கும் யாருக்கும் உறவு, என்ன உறவு, என்ன நிபந்தனை என்று எல்லாம் இருக்கும். கடுக்காய்க்கும் கொட்டைக்கும் இருப்பது 'உறுப்பு' உறவு. சூரணத்துக்கும் கடுக்காய்க்கும் இருப்பது 'சரக்கு' உறவு. நிபந்தனை, கொட்டை நீக்கியது. இரண்டும் வேறு வேறு. ஒன்றை மற்றொன்றோடு கோக்கக் கூடாது என்ற விதியையும் எழுதிவிட்டால், கம்ப்யூட்டர் தடுமாறாது.

கம்ப்யூட்டர் கண்மூடித் திறப்பதற்குள் கோடிக் கணக்குப் போடும். ஆனால், "கொட்டையை எடுத்துவிடு" என்று முதலில் சொல்ல, விஷயம் தெரிந்த ஒரு பாட்டி வேண்டும்!